ஜப்பானியக் கைவினைக்குள் மேற்கு எந்த வழியாக நுழைந்தது?

ஜப்பானைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மாட்கள் இரண்டு கதையில் ஒன்றைச் சொல்வார்கள். "ரயில், ராணுவம், தொழிற்சாலை எல்லாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்டார்கள், ஆனால் கலையில் மட்டும் கைவைக்க விடவில்லை" என்பது பெருமைக் கதை. "மேற்கு உள்ளே வந்ததும் பழைய கலையெல்லாம் அழிந்துபோனது" என்பது ஒப்பாரிக் கதை. வாட்ஸ்அப்பில் முதலாவது அதிகம் ஓடுகிறது, கொஞ்சம் படித்தவர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள். நடந்தது என்ன என்று பார்த்தால் இரண்டுமே பொருந்தாது. இன்று நாம் "அசல் ஜப்பானியக் கைவினை" என்று வாய்பிளந்து பார்க்கிற பல பொருட்கள் மேற்கோடு உரசிய பிறகுதான் இந்த வடிவத்துக்கே வந்தன.

இந்தக் கட்டுரைக்கு இரண்டு காலப்பெயர் தெரிந்தால் போதும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1868 வரை எடோ காலம்; பேரரசர் பெயருக்கு இருக்க, ஷோகுன் என்ற ராணுவத் தலைவர் நாட்டை ஆண்டார். 1868-ல் அந்த ஆட்சி கவிழ்ந்து பேரரசர் பெயரில் புதிய அரசு வந்தது. 1912 வரை மெய்ஜி காலம். நவீனமயம் என்று சொல்லப்படுகிற தலைகீழ் மாற்றம் எல்லாம் பெரும்பாலும் இந்த நாற்பத்துச் சொச்ச ஆண்டுகளுக்குள் நடந்ததுதான்.

முதலில் ஒரு சமையல்காரர்

பண்ணையார் வீட்டு விசேஷங்களுக்கே சமைத்துப் பழகிய ஒரு சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்பு, அண்டா, அம்மி. வாழையிலையில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். இதில் எது உயர்ந்தது எது துணைக்கு என்று யாரும் கேட்டதில்லை. பண்ணையார் நொடித்துப் போகிறார். சமையல்காரர் பட்டணத்துக்கு வந்து ஒரு பெரிய ஹோட்டலில் சேர்கிறார். அங்கே மூன்று விஷயம் மாறுகிறது. சாப்பிட வருபவர் வேறு ஆள், அதனால் காரம் குறைந்து தட்டில் அலங்காரம் கூடுகிறது. அடுப்பு கேஸ் அடுப்பு, அரைக்க மெஷின். மூன்றாவதுதான் சுவாரசியம்: மெனு கார்டு. சூப், ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ் என்று பிரித்து அடித்த அட்டையில் ரசம் சூப்பாக முதல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஊறுகாய்க்கு அட்டையில் இடமே இல்லை. இருபது வருஷம் கழித்து அதே ஹோட்டல் "எங்கள் பாரம்பரியச் சமையல்" என்று போர்டு வைக்கிறது. அது பொய் என்றும் சொல்ல முடியாது, கைப்பக்குவம் அதே மனிதருடையது.

மெய்ஜி ஜப்பானில் நடந்ததும் இந்த மூன்றுதான்: வாங்குகிற ஆள் மாறினார், கருவியும் ரசாயனமும் மாறின, எதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்ற பட்டியல் மாறியது. "மேற்கத்தியப் பாணியைக் காப்பியடித்தார்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும்.

அதற்கு முன்னால் கதவு முழுசாக மூடியிருந்ததா?

இல்லை. எடோ காலத்தில் ஜப்பான் உலகத்துக்கே கதவைப் பூட்டி வைத்திருந்தது, 1853-ல் அமெரிக்கக் கடற்படையின் பெர்ரி கப்பல்களோடு வந்து கதவை உடைத்தார் என்பது பள்ளிக்கூடப் புத்தகச் சுருக்கம். நாகசாகி துறைமுகத்தில் டெஜிமா என்ற சின்னச் செயற்கைத் தீவில் டச்சு வணிகர்கள் இருந்தார்கள், நகரில் சீன வணிகர்களும் இருந்தார்கள். அவர்கள் வழியாகப் புத்தகம், கண்ணாடி, அச்சுப் படங்கள், சாயப்பொருள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்தது.

ஹொகுசாய் வரைந்த அந்தப் பெரிய அலைப் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது, டீ-ஷர்ட்டிலிருந்து மொபைல் கவர் வரைக்கும் இருக்கிறது. அது உகியோ-எ வகை. அதாவது மரக்கட்டையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டை என்று வைத்து அச்சடித்து, நகரத்து மக்களுக்கு மலிவாக விற்ற படம். 1831 வாக்கில் வந்தது. அந்தப் படத்தின் உயிர் அதன் நீலம். அந்த நீலம் பிரஷ்யன் நீலம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான செயற்கை நிறமி. ஜப்பானில் அதுவரை இருந்த நீலங்கள் செடிகளிலிருந்து எடுத்தவை. ஒன்று சீக்கிரம் வெளுத்துவிடும், இன்னொன்று மங்கலாக இருக்கும். 1820-களின் கடைசியில் நாகசாகி வழியாகப் பிரஷ்யன் நீலம் விலை குறைந்து வரத் தொடங்கியதும் படம் போடுபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதே படத்தில் ஃபுஜி மலை அலைக்குக் கீழே சின்னதாகத் தெரிகிறதே, அப்படித் தூரத்தைக் காட்டும் முறையிலும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்த கண் இருக்கிறது. ஜப்பானின் முகமாகவே உலகம் எடுத்துக்கொண்ட படத்தின் கதி இது.

ஆக, 1868-க்குப் பிறகு வந்தது முதல் சொட்டு கிடையாது. மடை திறந்தது அப்போதுதான்.

வாங்குகிற ஆள் மாறினார்

எடோ காலத்துக் கைவினைஞர் பெரும்பாலும் மூன்று இடங்களை நம்பி வாழ்ந்தார்: பிரபுக்களும் சாமுராய்களும், கோயில்கள், கியோட்டோ அரண்மனையைச் சுற்றிய வட்டம். சில ஆண்டுகளுக்குள் மூன்றும் ஆட்டம் கண்டன. 1868-ல் புதிய அரசு ஷிண்டோ என்ற ஜப்பானின் பூர்விக வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணை போட்டது, அதன் சூட்டில் பல இடங்களில் பௌத்தக் கோயில்கள் சூறையாடப்பட்டன. 1869-ல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர, கியோட்டோ தலைநகர் அந்தஸ்தை இழந்தது. 1871-ல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. 1876-ல் பொது இடத்தில் வாள் அணியத் தடை.

இந்தக் கடைசி ஆணையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாள் என்பது ஒரு கொல்லரின் வேலை மட்டும் இல்லை. சாணை பிடிக்க ஒருவர், உறைக்கு அரக்குப் பூச ஒருவர், கைப்பிடியில் கயிறு சுற்ற ஒருவர், கைக்காப்புத் தகட்டிலும் சின்னச் சின்னப் பூண்களிலும் பூ, பறவை, டிராகன் செதுக்க ஒருவர் என்று ஒரு கூட்டமே அதில் பிழைத்தது. இந்தக் கடைசிக் கூட்டத்திடம் உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத உலோக அறிவு இருந்தது. செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்து ஒரு கரைசலில் காய்ச்சி எடுத்தால் மேற்பரப்பு நீலம் ஓடிய கறுப்பாகும். செம்போடு வெள்ளியைக் கலந்தால் சாம்பல் நிறம் கிடைக்கும். வண்ணம் பூசாமலே உலோகத்தால் ஓவியம் தீட்டலாம். ஆனால் அதை வைக்கத்தான் இனி வாள் இல்லை.

என்ன செய்தார்கள்? கானோ நட்சுவோ என்ற பெயர்பெற்ற வாள் அணிச் சிற்பி புதிய அரசின் நாணயங்களுக்கு மாதிரி செதுக்கினார். 1871-ல் ஒசாகாவில் தொடங்கிய நாணயச் சாலையில் அடிக்கப்பட்ட காசுகளில் அவர் கை இருக்கிறது. மற்றவர்கள் ஜாடி, தூபக்கலசம், பூச்சாடி, சிகரெட் பெட்டி என்று இறங்கினார்கள். இவற்றை வாங்கியவர்கள் யோக்கோஹாமாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களும், கடல் தாண்டி லண்டன், பாரிஸ், நியூயார்க்கில் இருந்தவர்களும்.

1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தது. மெய்ஜி அரசு அதிகாரபூர்வமாகக் கலந்துகொண்ட முதல் உலகக் கண்காட்சி அது. கோயிலும் குளமுமாக ஒரு ஜப்பானியத் தோட்டத்தையே அங்கே போட்டார்கள். கூட்டம் அள்ளியது, பொருட்கள் விற்றுத் தீர்ந்தன. அரசுக்கு அப்போது அந்நியச் செலாவணி உயிர்ப்பிரச்சினை. கப்பலும் எந்திரமும் வாங்கப் பணம் வேண்டும், விற்பதற்குப் பட்டும் தேயிலையும் தவிர அதிகம் இல்லை. சரி, இதுவும் ஏற்றுமதிச் சரக்குதான் என்று புரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1874-ல், கிரிட்சு கோஷோ கைஷா என்ற நிறுவனம் அரசு ஆதரவோடு தொடங்கியது. கைவினைஞர்களுக்கு வரைபடம் கொடுத்துச் செய்யச் சொல்லி வெளிநாட்டில் விற்பதுதான் அதன் வேலை. 1891 வரை ஓடியது.

வாங்குகிறவர் மாறியதும் பொருளின் அளவும் தோரணையும் மாறின. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் செய்த நுணுக்கம் இப்போது மாளிகை வரவேற்பறையில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிற ஜாடியில் ஏற வேண்டியிருந்தது. யோக்கோஹாமாவில் பட்டறை போட்ட மியாகவா கோசானின் ஜாடிகளைப் பாருங்கள்: பாத்திரத்தின் மேல் நண்டு நிஜமாகவே ஏறுவதுபோல், பறவை சிறகு விரித்து வெளியே பாய்வதுபோல் முழு உருவமாக ஒட்டி நிற்கும். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் அமெரிக்கர்கள் அசந்துபோனார்கள். அதே காலத்தில் இன்னொரு பக்கம் சட்சுமா என்ற பெயரில் இடைவெளியே இல்லாமல் தங்கமும் உருவங்களுமாக அப்பிய பீங்கான் கப்பல் கப்பலாகப் போனது. அதில் பாதி பார்ப்பதற்கே மூச்சுமுட்டும் என்பது என் அபிப்பிராயம். ஜப்பானியர் தங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜாடியை வைக்கமாட்டார்கள். "ஜப்பான் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்ற மேற்கின் கற்பனைக்கு ஜப்பானியக் கைகள் செய்துகொடுத்த சரக்கு அது.

கோயில் வேலை போனவர்களில் தகமுரா கோவுன் ஒருவர். புத்தர் சிலை செதுக்கப் பழகியவர், அதே மரவேலையோடு கலைப் பள்ளி ஆசிரியரானார். டோக்கியோ உவேனோ பூங்காவில் நாயோடு நிற்கும் சைகோ தகமோரியின் வெண்கலச் சிலை, 1898-ல் திறந்தது, அவருடைய மர மாதிரியிலிருந்து வார்த்தது. ஊர் நடுவில் ஒரு தலைவருக்கு வெண்கலச் சிலை வைப்பது என்ற பழக்கமே ஐரோப்பாவிலிருந்து வந்தது. செதுக்கிய உளி புத்தர் சிலைப் பட்டறையிலிருந்து வந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பழைய புரவலர்கள் போய் வெளிநாட்டு வாடிக்கையாளரும் அரசும் அந்த இடத்துக்கு வந்தார்கள். தொழில்நுணுக்கம் அப்படியே இருக்க, அதை எதன்மேல் காட்டுவது என்பது மாறியது.

கருவியும் ரசாயனமும்

கியோட்டோவின் நிஷிஜின் பகுதி பட்டு ஜரிகை நெசவுக்குப் பெயர்போனது. அங்கே பூவேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். கீழே நெசவாளர், தறிக்கு மேலே உயரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, எந்த வரிசைக்கு எந்தப் பாவு நூல்கள் தூக்கப்பட வேண்டுமோ அந்தக் கயிறுகளைப் பிடித்து இழுப்பார். இவர் தப்பாக இழுத்தால் பூ கோணிக்கொள்ளும்.

தலைநகரம் போனதில் வாடிக்கையாளரை இழந்து தவித்த நிஷிஜினிலிருந்து, 1872-ல் கியோட்டோ நிர்வாகம் மூன்று பேரைப் பிரான்சின் லியோனுக்கு அனுப்பியது: சகுரா ட்சுனெஷிச்சி, இனோவே இஹே, யோஷிதா சூஷிச்சி. லியோன் அப்போது ஐரோப்பாவின் பட்டு நெசவுத் தலைநகர். அங்கே ஜக்கார்டு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம், ஆரணி பக்கம் தறி பார்த்தவர்களுக்கு ஜக்கார்டு பெட்டி புதிதில்லை. தெரியாதவர்களுக்காக: துளை போட்ட கெட்டி அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலைபோல் தொங்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. ஊசிகள் அட்டையில் போய் முட்டும். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதனோடு சேர்ந்த கொக்கி தன் பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு நூல் அப்படியே கிடக்கும். மேலே உட்கார்ந்த ஆளின் நினைவும் கையும் அட்டைக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

சகுராவும் இனோவேயும் 1873 இறுதியில் எந்திரங்களோடு திரும்பினார்கள். பின்தங்கிய யோஷிதா ஊர் சேரவில்லை. அவர் வந்த நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் 1874 மார்ச்சில் ஜப்பானின் இசு கரையோரம் மூழ்கியது. வியன்னா கண்காட்சிக்குப் போன பொருட்களும் அந்தக் கப்பலில்தான் இருந்தன. பிரெஞ்சு எந்திரம் விலை அதிகம். 1877-ல் அராகி கோஹே என்ற உள்ளூர்த் தறி செய்பவர் மரத்தாலேயே ஒரு ஜக்கார்டைச் செய்துவிட்டார். அதற்கப்புறம் நிஷிஜின் பழைய வடிவங்களைப் புதிய தறியில் நெய்தது. இன்று "நிஷிஜின் மரபு" என்று ஒருவர் கிமோனோ இடைப்பட்டையைக் காட்டினால் அது பெரும்பாலும் ஜக்கார்டில் நெய்ததாகவே இருக்கும். வடிவத்தில் ஐரோப்பாவைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அது தறியின் உச்சியில் ஒளிந்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஷிப்போவுடையது. உலோகப் பாத்திரத்தின் மேல் மெல்லிய கம்பியால் கோட்டோவியம் அமைத்து, கம்பிகளுக்கு நடுவே இருக்கும் குட்டிக் குட்டி அறைகளில் வண்ணக் கண்ணாடித் தூளைக் குழைத்து நிரப்பிச் சூளையில் வைப்பார்கள். கண்ணாடி உருகி அமுங்கும், மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும், கடைசியில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சீனாவில் நெடுங்காலமாக உள்ள தொழில். ஜப்பானில் வாள் அணிகள் போன்றவற்றில் சிறு அளவில் மட்டும் இருந்தது. 1830-களில் நகோயா பக்கம், அப்போது ஓவாரி என்று பெயர், காஜி ட்சுனெகிச்சி என்றொருவர் டச்சுக்காரர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஒரு தட்டை வாங்கி, உடைத்துப் பார்த்து, உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அங்கிருந்து தொழில் பரவியது. ஆனால் நிறங்கள் கலங்கல். கண்ணாடி பெரிய பரப்பில் ஒட்டாமல் விரிசல் விடும் என்பதால் தேவையோ இல்லையோ எங்கும் கம்பியாக நிரப்பினார்கள்.

இங்கேதான் காட்ஃபிரீட் வாகனர் வருகிறார். ஜெர்மானிய வேதியியலாளர், 1870-ல் அரிதா என்ற ஊரில் பீங்கான்காரர்களுக்கு நிலக்கரிச் சூளையும் தயாரித்த கோபால்ட் ஆக்சைடும் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தவர், வியன்னா கண்காட்சிக்கு ஆலோசகர், பிறகு கியோட்டோவில் அரசின் வேதியியல் கூடத்தில் ஆசிரியர். கண்ணாடியின் கலவையைச் சரிசெய்ய அவர் உதவியதில் தெளிவான, ஒளி ஊடுருவும் நிறங்கள் கிடைத்தன, கம்பியின் துணை இல்லாமலே பெரிய பரப்பில் கண்ணாடி நின்றது. கியோட்டோவின் நமிகாவா யசுயுகி அந்த வழியில் போய்க் கண்ணாடிபோல் முகம் தெரியும் கறுப்புப் பின்னணியை உருவாக்கினார். அதில் ஒன்றிரண்டு வண்ணத்துப்பூச்சியும் பூவும் மட்டும் மிதக்கும். டோக்கியோவில் இன்னொரு நமிகாவா, சோசுகே (உறவில்லை, பெயர் ஒற்றுமைதான்), சுடுவதற்கு முன் கம்பியையே உருவி எடுத்துவிட்டுத் தூரிகை ஓவியம்போல் தோன்றச் செய்தார். 1896-ல் இருவரும் அரண்மனைக் கலைஞர் பட்டம் பெற்றார்கள்.

வெற்றிடத்தை வெற்றிடமாக விட்ட அந்தக் கறுப்புப் பரப்பைப் பார்த்து "ஜப்பானிய எளிமை" என்று வருணிப்பது வழக்கம். அந்த எளிமையை விரும்பிய கண் ஜப்பானுடையது, சந்தேகமில்லை. அதைச் செய்யவிட்டது கண்ணாடி வேதியியல்.

சாயத்திலும் இதுவே. கியோட்டோவின் யூசென் என்ற சாய ஓவியத் துணிகளில் கையால் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தார்கள். 1880-ஐ ஒட்டி ஹிரோசே ஜிசுகே என்பவர் ஐரோப்பியச் செயற்கைச் சாயத்தை அரிசிப் பசையில் கலந்து, வெட்டிய காகித அச்சு வழியாகப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டிய பூப்போட்ட கிமோனோ நடுத்தர வீடுகளுக்கும் வந்தது.

தோற்றவர்களும் உண்டு. உகியோ-எ அதே செயற்கைச் சாயத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பும் ஊதாவுமாக ரயிலையும் செங்கல் கட்டடத்தையும் கொஞ்ச நாள் அச்சடித்தது, ஆனால் செய்தித்தாளும் புகைப்படமும் கல்லச்சும் வந்ததும் அதன் வேலையே அவற்றுக்குப் போய்விட்டது. நடிகர் முகத்தையும் தீ விபத்தையும் மரக்கட்டையில் செதுக்கிக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? பிறகு 1915 வாக்கில் வதனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் அதைப் புதுப்பித்தபோது முக்கிய வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இறக்குமதியானவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்தன. அதனால்தான் "மாறவே இல்லை" என்ற மயக்கம் வருகிறது.

மெனு கார்டு, அதாவது பட்டியல்

மூன்றில் அதிகம் பேசப்படாததும், நீண்டகாலம் நீடித்ததும் இதுதான்.

எடோ ஜப்பானில் ஓவியர் மடிப்புத் திரையிலும் வரைவார், விசிறியிலும் வரைவார், அரக்குப் பெட்டிக்கு வடிவமும் போட்டுக்கொடுப்பார். ஓவியமும் சிற்பமும் உயர்ந்த கலை, ஜாடியும் துணியும் கைத்தொழில் என்று நடுவில் ஐரோப்பா போட்டிருந்த அந்த வேலி அங்கே இல்லை. உலகக் கண்காட்சிக்குப் பொருள் அனுப்பும்போது விண்ணப்பத்தில் பிரிவு எழுத வேண்டும். வியன்னாவில் மட்டும் 26 பிரிவுகள். ஒரு அரக்குத் திரையை எங்கே வைப்பது? ஓவியமா, மரச்சாமானா? ஜப்பானிய அதிகாரிகள் முதன்முதலாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஜப்பான் அனுப்பியதில் பெரும்பகுதி தொழிற்பொருளாகவே கணக்கில் போனது. 1893-ல் சிகாகோ கண்காட்சியில் போராடித் தங்கள் கைவினைகளையும் நுண்கலை அரங்கிலேயே வைத்தார்கள். சுசுகி சோகிச்சி மேற்பார்வையில் பல உலோகங்களால் செய்த பன்னிரண்டு பருந்துகளும் அந்தக் கண்காட்சியில்தான் இருந்தன.

உள்நாட்டிலும் வேலி முளைத்தது. 1876-ல் அரசு திறந்த முதல் கலைப் பள்ளி பொதுப்பணி அமைச்சகத்தின் கீழ் இருந்தது, ஆசிரியர்கள் இத்தாலியர்கள். ஐரோப்பிய ஓவியத்தையும் சிற்பத்தையும் ஒரு பொறியியல் திறன்போலக் கற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1883-ல் மூடிவிட்டார்கள். அதற்குள் காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியிருந்தது. வீசவைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் அமெரிக்கர்.

எர்னஸ்ட் ஃபெனல்லோசா 1878-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் நடத்த வந்தவர். பழைய ஜப்பானிய ஓவியத்தில் மயங்கினார். 1882-ல் ஒரு பொதுச் சொற்பொழிவில், எண்ணெய் ஓவியத்தைவிட ஜப்பானிய ஓவியம் மேல் என்று அடித்துச் சொன்னார். கூடவே சீன அறிஞர் மரபில் வந்த மை ஓவியத்தை மட்டம் தட்டினார், அதுவும் ஜப்பானில் வேரூன்றிய மரபுதான் என்றாலும். அவரும் அவருடைய மாணவர் ஒககுரா கக்குசோவும் சேர்ந்து உழைத்ததில் 1889-ல் டோக்கியோ கலைப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியது. முதலில் அங்கே எண்ணெய் ஓவியத் துறையே கிடையாது. ஜப்பானிய ஓவியம், மரச் சிற்பம், உலோகமும் அரக்கும் சேர்ந்த அலங்காரக் கலை மட்டுமே. மேற்கத்திய ஓவியம் 1896-ல்தான் உள்ளே வந்தது.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் நிஹோங்கா: கல் நிறமி, பசை, பட்டு அல்லது காகிதம் என்ற பழைய பொருட்களில், மேற்கத்திய ஓவியத்துக்கு எதிரே நிறுத்துவதற்காக ஒழுங்குபடுத்திய "ஜப்பானிய ஓவியம்". அதுவரை கானோ பள்ளி, டோசா பள்ளி, மருயாமா பள்ளி என்று தனித்தனி ஓவிய மரபுகளாக, சண்டையும் போட்டுக்கொண்டு இருந்தவை ஒரே தலைப்புக்குள் வந்தன. எதிரில் இன்னொன்று வந்து நின்ற பிறகுதான் இது ஒன்றாகத் தெரிந்தது. உள்ளேயும் மேற்கு இருந்தது: ஃபெனல்லோசா ஆதரித்த கானோ ஹோகாயின் 1888-ஆம் ஆண்டு கண்ணோன் (கருணையின் போதிசத்துவர்) ஓவியத்தில் ஐரோப்பிய நிறமிகளும் கலந்திருக்கின்றன, ஒளியும் வெளியும் பழைய பௌத்த ஓவியத்தில் இல்லாத விதத்தில் அமைந்திருக்கின்றன.

அடுத்த தலைமுறையின் யோக்கோயாமா டைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கோடு போடுவதையே விட்டுவிட்டு நிறத்தைக் கரைத்துப் பனிமூட்டம்போல் வரைந்தார்கள். கோடு இல்லாமல் என்ன ஜப்பானிய ஓவியம் என்று திட்டு வாங்கினார்கள். 1903-ல் இருவரும் கல்கத்தா வந்தார்கள். டைக்கான் நிறத்தைக் கழுவிக் கழுவி வரைவதைப் பார்த்து அவனீந்திரநாத் தாகூர் தன் பாணியை மாற்றிக்கொண்டார். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பின்னாளில் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர், மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். சிலைக்கும் டைக்கானுக்கும் தொடர்பில்லை, ஆனால் ஆசிரியர் வரிசை அப்படிப் போகிறது.

பட்டியலின் விளைவு என்ன? 1907-ல் அரசு ஆண்டுதோறும் நடத்தும் கலைக் கண்காட்சியைத் தொடங்கியபோது மூன்று பிரிவு வைத்தது: நிஹோங்கா, மேற்கத்திய ஓவியம், சிற்பம். கைவினைக்கு இடமில்லை. வியன்னாவில் ஜப்பானுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த மண்ணும் உலோகமும் அரக்கும் சொந்த ஊர்க் கண்காட்சியில் நுழைய 1927 வரை காத்திருந்தன. ஊறுகாய்க் கதைதான்.

சுருக்கமாக: ஐரோப்பிய வகைப்பாட்டை ஏற்றுக்கொண்ட பிறகுதான் "ஜப்பானிய ஓவியம்" ஒரு தனித்துறையானது, "கைவினை" அதற்கு ஒரு படி கீழே போனது.

எதிர்த்தவர்கள் கையிலும்

1920-களில் யனகி சோயெட்சு இந்த ஏற்றுமதி ஜாலத்தையும் கலைஞர் பட்டத்தையும் வெறுத்து, பெயர் தெரியாத கிராமத்துக் குயவர் செய்த சோற்றுக் கிண்ணத்தில்தான் அழகு இருக்கிறது என்று கிளம்பினார். மிங்கே, அதாவது மக்கள் கைவினை இயக்கம், அவருடையது. 1936-ல் டோக்கியோவில் அதற்கென ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அவரும் ஆங்கிலக் கவி வில்லியம் பிளேக்கை ஆராய்ந்து வந்தவர்தான். நெருங்கிய நண்பர் பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயர், ஜப்பானில் மண்பாண்டம் கற்றவர். இன்னொரு நண்பர் ஹமாடா ஷோஜி 1920-ல் லீச்சோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் போய்ச் சூளை கட்டி, திரும்பி வந்து மஷிகோ என்ற கிராமத்தில் நிலைத்தார். தொழிற்சாலைக்கு எதிராகக் கைவேலையை நிறுத்தும் சிந்தனை ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, யனகி அதை அறிந்தவர். கொரியாவின் பழைய கிண்ணங்களிலிருந்தும் பௌத்தத்திலிருந்தும் அவர் எடுத்தது அதற்கு மேல் அதிகம் என்று வாதிடலாம், வாதிடுகிறார்கள். எதுவானாலும் மேற்கைத் தொடாத மூலை என்று ஒன்றை அங்கேயும் காட்ட முடியாது.

இன்று "பாரம்பரியம்" என்று எதை எழுதுகிறார்கள்

1974-ல் ஜப்பான் பாரம்பரியக் கைவினைத் தொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அன்றாடம் பயன்படுவதாக இருக்க வேண்டும், முக்கிய வேலைகள் கையால் நடக்க வேண்டும், ஒரு வட்டாரத்தில் போதுமான பேர் அதைச் செய்ய வேண்டும், நுட்பமும் மூலப்பொருளும் மரபுவழி வந்தவையாக இருக்க வேண்டும். மரபுவழி என்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு என்று அளவு வைத்துக்கொள்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதில் இல்லை.

அதனால் ஓவாரி ஷிப்போ 1995-ல் பட்டியலில் சேர்ந்தது. எடோ கிரிகோ என்ற வெட்டுக் கண்ணாடி 2002-ல் சேர்ந்தது. 1834-ல் எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) காகயா கியூபே தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தத் தொழிலுக்கு, 1881-ல் ஷினகாவா கண்ணாடி ஆலைக்கு அரசு வரவழைத்த எமானுவல் ஹாப்ட்மன் என்ற ஆங்கிலேயர்தான் வெட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அதே சமயம் நகோயாவின் நோரிடாகே ஆலை, அமெரிக்க மேசைகளுக்காக 1914-ல் ஜப்பானின் முதல் டின்னர் செட்டைச் செய்துமுடித்தது, அதற்கும் நூறு ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் ஆலையில் வரிசை வரிசையாக வார்த்தெடுக்கும் தட்டுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. கையால் செய்திருக்க வேண்டுமே.